நாளைக்கு மட்டும் வராத தண்ணீர்

மதிப்புக்குரிய லிம்பானி அண்ணனுக்கு, தங்கை சியோனி எழுதுவது. அங்கே அண்ணியும் பிள்ளைகளும் நலமென்றால் இங்கே நானும் நலம். மாவட்டத் தண்ணீர் அலுவலகத்தில் உங்கள் நாற்காலியும் நலமாக இருக்கட்டும்.

இன்று காலை முதல் வேலையாக, ஆஸ்பத்திரி வாசலில் உள்ள மூன்றாவது அடிபம்பின் கைப்பிடியைக் கழற்றிப் பிரசவக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். உங்களுக்குத் தெரியாததல்ல, இந்த வாசலில் மூன்று பம்புகள், மூன்று நாட்டுக்காரர்கள் கொடுத்தவை, மூன்று கல்வெட்டுகள், மூன்று முறை ஆடு வெட்டியாயிற்று. ஒவ்வொன்றும் இரண்டு வருஷம் ஓடும், உள்ளே தோல் வாஷர் தேயும், நின்றுவிடும். வாஷர் ஒரு கோழி விலை, ஆனால் தலைநகர் லிலோங்வேயிலிருந்து வரவேண்டும். அதற்காக நான் எழுதிய ஏழு கடிதங்களுக்கும் சேர்த்து நீங்கள் போனில் ஒரே பதில் சொன்னீர்கள்: "ரிப்பேருன்னு எழுதாத தங்கச்சி, ரிப்பேருக்கு எவனும் காசு தரமாட்டான். வாஷர்ல யாரு பேரப் பொறிக்கிறது? தண்ணியே இல்லன்னு எழுது, புதுசு வரும்." எழுதினேன். நீங்களும் 'மூன்றும் பயனற்றவை' என்று கையெழுத்துப் போட்டீர்கள். நாலாவது பம்பு தர நாளை துரைமார் வருகிறார்கள். இடையில் நான் செய்த தப்பு, போன மாதம் பொறுமை இழந்து, நர்ஸ் பரீட்சையில் தேறியபோது நீங்கள் வாங்கித் தந்த தோல் கைப்பையை வெட்டி, மூன்றாவது பம்புக்கு நானே வாஷர் போட்டதுதான். பாழாய்ப்போனது, தண்ணீர் கொட்டுகிறது.

தண்ணீர்க் கமிட்டித் தலைவர் கலோங்கா நேற்று தலையில் கைவைத்துக்கொண்டு வந்தார். "தண்ணி கொட்டுற பம்ப வச்சிக்கிட்டுத் தண்ணி இல்லன்னு எப்படிம்மா அழுறது? பொம்பளைங்க தொரைமாருக்குப் பாடுற தாகப் பாட்டு ஒத்திகையே முடிச்சிட்டாங்க." உண்மைதான். ஒத்திகை முடிந்து எல்லாரும் அதே பம்பில்தான் வயிறு முட்டக் குடித்துவிட்டுப் போனார்கள். சுவரில் என் கையெழுத்தில் ஒட்டிய 'பிரசவத்துக்கு வருகிறவர்கள் ஒரு வாளி தண்ணீர் கொண்டு வரவும்' என்ற பழைய அறிவிப்பையும் கிழிக்க வேண்டாம் என்றார், போட்டோவுக்கு நன்றாக இருக்குமாம்.

கைப்பிடியை ஒளித்துவிட்டு நிமிர்ந்தால் எஸ்னாத் வருகிறாள். நிறைமாதம். தலையில் வாளி, ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நடை.

"வலி எப்ப ஆரம்பிச்சுதும்மா?"

"ஆத்தத் தாண்டறப்பவே சிஸ்டர்."

"அந்த வாளிய எறிஞ்சிட்டு வரக்கூடாதா?"

"தண்ணி இல்லாம உள்ள விடமாட்டீங்களாமே. வலி வர்றப்ப எறக்கி வச்சிட்டு நின்னேன். பாதி சிந்திடுச்சு, கோவிச்சுக்காதீங்க."

பெண் குழந்தை. மிச்சமிருந்த அந்தப் பழுப்புத் தண்ணீரில்தான் துடைத்தேன். கட்டிலுக்கு அடியில் கைப்பிடி என் காலில் இடித்துக்கொண்டே இருந்தது.

ஆகவே இங்கே எல்லாம் தயார். நாளை துரைமாரோடு வரும்போது வெள்ளைச் சட்டை போட்டு வாருங்கள். அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். ஆண்டவன் உங்களுக்குப் பதவி உயர்வு தரட்டும்.

உங்கள் சொல் தட்டாத தங்கை,
சியோனி

பின்குறிப்பு: இதை இன்றைய மினிபஸ்ஸில் கொடுக்கவில்லை. நாளை எல்லாரும் போன பிறகுதான் கொடுப்பேன். கைப்பிடியை இப்போதுதான் திரும்ப மாட்டினேன், இன்னும் யாருக்கும் தெரியாது. தாகப் பாட்டின் இரண்டாவது அடியில், உங்கள் எல்லார் முன்னாலும் ஒரு வாளி தண்ணீர் அடித்து எஸ்னாத்துக்கு எடுத்துப் போகப் போகிறேன். நீங்கள் இதைப் படிக்கும்போது புதுப் பம்பும் போயிருக்கும், உங்கள் நாற்காலியும் ஆடிக்கொண்டிருக்கும். நீங்கள் தந்த கைப்பை மட்டும் வீண்போகவில்லை அண்ணா.