சிவப்பா, கறுப்பா

"கழட்டும்மா! பாத்துக்கிட்டே நின்னா அதுவா வெளிய வருமா?"

கண்ணாடி அறைக்குள்ளிருந்து முதலாளி சத்தம் போட்டார். தையல்காரி ஸ்பேனரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, திறந்து கிடந்த பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். கறுப்பாக, சதுரமாக, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தது பேட்டரி. வாயைத் திறக்காதவர்களை அவள் எப்போதுமே நம்புவதில்லை.

கார் பேட்டரிக் கடையில் அவள் வேலைக்குச் சேர்ந்து அன்று ஐந்தாவது நாள். பதினெட்டு வருஷமாக அவள் சட்டைக் காலர் தைத்த கம்பெனியை மூடிவிட்டார்கள். 'பேட்டரிக் கடைக்கு ஆள் தேவை' என்ற அட்டையைப் பார்த்தபோது, கைக்கடிகாரத்துக்கும் டார்ச் லைட்டுக்கும் போடுகிற பேட்டரி என்றுதான் நினைத்தாள். உள்ளே போனபிறகுதான் ஒவ்வொன்றும் அரிசி மூட்டை கனத்தில் இருப்பது தெரிந்தது. முதலாளி மீசையைத் தடவிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஷாக்குன்னா பயமா?"

"அதெல்லாம் பழகிப்போச்சுண்ணே."

வேலை வேண்டுமே என்ற அவசரத்தில் வாய் சொல்லிவிட்டது. உண்மையில் பன்னிரண்டு வயதில் ஈரக்கையோடு இஸ்திரிப் பெட்டியைத் தொட்டு, சுவரில் போய் மோதி விழுந்தவள் அவள். அன்றிலிருந்து வீட்டில் சுவிட்சைக்கூடச் சீப்பின் நுனியால்தான் தட்டுவாள். நாலு நாளை அலமாரி துடைத்தும் தேதிச் சீட்டு ஒட்டியும் ஓட்டிவிட்டாள். ஐந்தாவது நாள் காலையில் மாட்டு டாக்டரின் காரை இரண்டு பேர் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திவிட்டுப் போனார்கள்.

"சீக்கிரம்மா," என்றார் மாட்டு டாக்டர். அறுபது வயது இருக்கும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். "கன்னுக்குட்டியோட ஒரு கால் வெளிய வந்துடுச்சாம். இன்னொரு கால் உள்ள மடங்கிக் கிடக்குதாம். நான் போய்த் திருப்பலைன்னா தாயும் போயிடும், கன்னும் போயிடும்."

இப்போது ஆபத்தில் மூன்று உயிர், மூன்றாவது அவளுடையது.

"அண்ணே, சிவப்பா, கறுப்பா, எதை முதல்ல கழட்டணும்?" என்று கேட்டாள்.

கண்ணாடிக்குப் பின்னால் முதலாளி கொஞ்சம் யோசித்தார். "உனக்குத் தெரியாதா?"

"தெரியும்ணே. நீங்க எப்படிச் செய்வீங்கன்னு..."

"நான் எப்படிச் செய்வேங்கிறது முக்கியமில்ல. நீ எப்படிச் செய்யறேன்னு பாக்கணும்."

பரீட்சை வைக்கிறார் மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள். பாத்திரம் கழுவுவதற்காக வாங்கி வைத்திருந்த ரப்பர் கையுறையைப் பையிலிருந்து எடுத்து மாட்டினாள். கை மரத்துப்போனதுபோல் இருந்தது. ஸ்பேனரை நட்டில் வைத்தாள். அது வழுக்கியது. அழுத்தி வைத்தாள். கையுறையிலிருந்து நழுவி, டங் டங்கென்று இரண்டு இடத்தில் இடித்துக்கொண்டு, ஸ்பேனர் எஞ்சினுக்குள் எங்கோ போய்த் தொலைந்தது.

"போச்சா?" என்றார் மாட்டு டாக்டர்.

"போச்சு சார்."

அவர் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினார். கண்ணை மூடிக்கொண்டு எஞ்சின் இடுக்கில் கையை விட்டார். முகத்தை ஒரு பக்கம் சாய்த்து, உள்ளே துழாவி, "இருக்கு, இருக்கு... தலை தெரியுது..." என்று முணுமுணுத்து, மெதுவாக இழுத்தார். ஸ்பேனர் முழுசாக வெளியே வந்தது. பழக்கதோஷத்தில் அதைத் துணியால் துடைத்தே கொடுத்தார்.

கண்ணாடி அறையில் முதலாளி போனை எடுத்து, வாயைக் கையால் மூடிக்கொண்டு யாரிடமோ பேசினார். நம்மை அனுப்பிவிட்டு வேறு ஆள் கூப்பிடுகிறார் என்று அவளுக்குத் தோன்றியது. வீட்டில் இரண்டு பிள்ளைகள் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அவளுக்கு ரோஷம் வந்தது.

காருக்குள்ளிருந்த ரப்பர் விரிப்பை இழுத்துக் கீழே போட்டு, அதன்மேல் ஏறி நின்றாள். தரையில் சொட்டியிருந்த ஆயிலில் விரிப்பு சர்ரென்று நகர்ந்தது. விழாமலிருக்கக் கைக்கு அகப்பட்ட ஒயரைப் பிடித்தாள். அது பேட்டரியின் ஒயர். கார் தொண்டை கட்டிய குரலில் 'ப்பாங்... ப்பாங்...' என்று அலற ஆரம்பித்தது.

"அய்யய்யோ, அடிச்சிருச்சு! அடிச்சிருச்சு!"

"அடிக்கலைம்மா, அது ஹார்ன்," என்றார் மாட்டு டாக்டர். "திருடன் தொட்டாக் கத்துற மாதிரி வச்சிருக்காங்க."

"நான் திருடி இல்லையே சார்!"

"வண்டிக்கு அது தெரியலையே."

ஹார்ன் தானாக ஓய்ந்தது. திரும்பிப் பார்த்தபோது முதலாளி நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். நன்றாகத் தெரியவேண்டும் என்று உயரத்தில் ஏறி நின்று கவனிக்கிறார்! இப்படி ஒரு கண்டிப்பான ஆளை அவள் கம்பெனியில்கூடப் பார்த்ததில்லை.

"அண்ணே, சொல்லிடுங்கண்ணே. சிவப்பா, கறுப்பா?"

"சிவப்பு!" என்றார் முதலாளி நாற்காலிமேலிருந்தே. "இல்ல... இரு... கறுப்பு. சிவப்புன்னாத்தானே ஆபத்து? அப்ப ஆபத்தை முதல்ல எடுத்துரு. சிவப்பு!"

அவளுக்குத் தலை சுற்றியது. வேண்டுமென்றே குழப்பிப் பார்க்கிறார். சரி, அவர் வாயால் கடைசியாக வந்தது சிவப்பு. ஸ்பேனரைத் துண்டால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு, சிவப்பு நட்டைத் திருகினாள். ஸ்பேனரின் மறுமுனை வண்டியின் தகட்டில் பட்டது.

'சட்'டென்று ஒரு பொறி பறந்தது.

அவள் போட்ட கூச்சலில் எதிர்ச்சாரி மருந்துக்கடைக்காரர் வெளியே வந்துவிட்டார். மூன்றடி பின்னால் போய் உட்கார்ந்துவிட்ட தையல்காரி, இரண்டு கைகளிலும் விரல்களை எண்ணிப் பார்த்தாள். பத்தும் இருந்தன. நாற்காலிமேல் முதலாளி இல்லை. கழிப்பறைக் கதவு உள்பக்கம் தாழிடும் சத்தம் கேட்டது.

"அண்ணே?"

"போன் வந்துருக்கு!" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

அவளும் போனை எடுத்தாள். புருஷன் லாரி ஓட்டுகிறவன்; அந்த நேரம் எங்கேயோ சரக்கு இறக்கிக்கொண்டிருந்தான்.

"ஏங்க, பொறி பறந்துச்சுங்க! நான் செத்துட்டேனா?"

"செத்தவ போன் பண்ணுவாளா? எதைக் கழட்டுன?"

"சிவப்பு."

"அதான். கறுப்பு மாட்டியிருக்கும்போது சிவப்புல ஸ்பேனரை வச்சு, அது வண்டி உடம்புலயும் பட்டாப் பொறி வரத்தான் செய்யும். அது ஸ்பேனருக்குத்தான் ஆபத்து, உனக்கில்ல. கறுப்பை முதல்ல எடு. மாட்டும்போது கறுப்பு கடைசி. கையில வளையல் இருக்கா?"

"இருக்கு."

"கழட்டி வை. பன்னண்டு வோல்ட்டு காஞ்ச கையில ஒண்ணும் பண்ணாதுடி."

"ஒண்ணுமேவா?"

"தூக்கும்போது கால்ல போட்டுக்காத. அதுதான் உண்மையான ஆபத்து."

போனை வைத்தாள். அறிவுக்குப் புரிந்தது. கைக்குப் புரியவில்லை; அது பாட்டுக்கு நடுங்கிக்கொண்டிருந்தது.

மாட்டு டாக்டர் பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்தினார். "முதல் தடவையா?"

பொய் சொல்லத் தெம்பில்லை. தலையை ஆட்டினாள்.

"எனக்கும் முதல் பிரசவத்துல இப்படித்தான் கை உதறுச்சு. மாடு திரும்பி என்னைப் பாத்துச்சு பாருங்க ஒரு பார்வை. இவனா வந்திருக்கான்னு. வெக்கமாப் போச்சு. வெக்கத்துல கையை விட்டுட்டேன். பயம் போனப்புறம் கையை விடலாம்னு இருந்திருந்தா, இன்னிக்கும் அந்த மாடு அங்கேயேதான் நின்னுட்டிருக்கும்."

அவருடைய போன் ஒலித்தது. எடுத்துக் கேட்டவர் முகம் மாறியது. "தாய்க்கு மூச்சு வாங்குதாம்," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

தையல்காரி வளையல்களைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். கையுறையைத் தூக்கி எறிந்தாள். முந்தானையில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு, வெறும் விரலால் கறுப்பு முனையைத் தொட்டாள்.

ஒன்றுமில்லை.

இன்னொரு கையால் சிவப்பைத் தொட்டாள். ஒன்றுமே இல்லை. வெயிலில் கிடந்த ஈயக்கட்டியைத் தொட்டதுபோல் இருந்தது. இதற்காகவா முப்பது வருஷம் சீப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தோம்! அவளுக்குக் கோபம்தான் வந்தது.

அதன்பிறகு அவள் கை ஓடியது. கறுப்பு, பிறகு சிவப்பு, பிறகு அடியில் பிடித்திருந்த கம்பி. பழையதைத் தூக்கி வெளியே வைத்தாள், காலில் போட்டுக்கொள்ளவில்லை. புதியதை இறக்கினாள். சிவப்பு, கடைசியில் கறுப்பு. காலர் தைத்த விரல்கள் நட்டை அளவு பார்த்து முறுக்கின.

"இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க சார்!"

வண்டி ஒரே திருகில் உறுமியது. மாட்டு டாக்டர் ஜன்னல் வழியாக வளையல்களைக் கொடுத்துவிட்டுப் பறந்தார். ஒரு மணி நேரம் கழித்து அவரிடமிருந்து கடைக்குப் போன் வந்தது. "பொண்ணுக் கன்னும்மா. எழுந்து நின்னுடுச்சு. தாயும் நல்லா இருக்கு."

தையல்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நல்ல நாளில் ஒரு பொய்யை வைத்துக்கொண்டிருக்க மனசு ஒப்பவில்லை. நேரே கண்ணாடி அறைக்குள் போனாள்.

"அண்ணே, ஒரு உண்மையச் சொல்லிடறேன். எனக்கு ஷாக்குன்னா உயிர் போற பயம். பழகிப்போச்சுன்னு சொன்னது பொய். வேலைய விட்டு எடுக்கறதுன்னா எடுத்துடுங்க."

முதலாளியின் முகத்தில் ரத்தமே இல்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப... நாளைக்கு?"

"நாளைக்கு என்னண்ணே?"

"நாளைக்கு வர்ற வண்டிக்கு?"

"இப்பத்தான் பயம் போயிடுச்சே. நான் மாத்திடுவேன்."

முதலாளி உட்கார்ந்தார். பெரிதாக ஒரு மூச்சு விட்டார். "நீ எங்கயும் போக வேண்டாம்மா," என்றார். குரல் தழுதழுத்தது. "வேலை நிரந்தரம்." எவ்வளவு கண்டிப்பானவருக்குள் எவ்வளவு ஈர மனசு என்று அவள் உருகிப்போனாள்.

அப்போது வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. முதலாளியின் மனைவி மூச்சிரைக்க உள்ளே ஓடி வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே சுற்றுமுற்றும் தேடினாள்.

"வண்டி எங்க? பதினோரு தடவை போன் பண்ணிட்டீங்கன்னு பக்கத்து ஊர்ல இருந்து ஓடி வர்றேன், அதுக்குள்ள யாரு மாத்துனது?"

"நான்தான்க்கா," என்றாள் தையல்காரி. "அண்ணன் வேணும்னே குழப்பிக் குழப்பிப் பாத்தாரு. அதான் தைரியம் வந்துச்சு."

முதலாளியின் மனைவி புருஷனைப் பார்த்தாள். பிறகு தையல்காரியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"எங்க அப்பா வச்ச கடைம்மா இது, இவரு பொறுப்பை எடுத்து இருபது வருஷமாச்சு, ஷாக் அடிச்சிரும்னு இன்னிக்கு வரைக்கும் ஒரு பேட்டரியத் தொட்டதில்ல!"