மருமகள் தூங்க வேண்டும்

குக்கர் விசிலடிக்கும் என்று பானையில் சோறு வடித்தாயிற்று, டிவியை அணைத்தாயிற்று. அப்படியும் மருமகள் ஜூசாராவுக்கு மூன்று நாளாய்த் தூக்கமில்லை. கண் இரண்டும் கோவைப்பழம்.

மாமியார் கமலாட்சி நாள் எண்ணத் தொடங்கினாள். மகன் கார்த்திகேசன் ஆறு வருஷம் கழித்துப் பிரேசிலிலிருந்து பெண்டாட்டியோடு பர்மாவுக்கு, பசுந்தாங் வீட்டுக்கு வந்திருக்கிறான். அவளுக்கு வீடு பிடித்தால் தீபாவளி வரை இருப்பார்களாம். பிடிக்காவிட்டால் அடுத்த வாரமே விமானம்.

"எல்லாம் இந்தத் தெருச் சத்தம்தான்" என்றாள் கமலாட்சி. மருமகளின் ஊர் அமைதியான சின்ன ஊர் என்று மகன் போனில் சொல்லியிருந்தான். மத்தியானம் கடையை அடைத்து, சோறும் பயறும் தின்றுவிட்டு ஊரே படுத்துக்கொள்ளுமாம்.

"அம்மா, அவ ஊர்ல என்னன்னா..."

"உஸ்! மெதுவாப் பேசுடா."

மருமகளை மத்தியானத் தூக்கத்துக்குப் படுக்க வைத்தாள். நாலாம் மாடி பால்கனியிலிருந்து தெருவரை தொங்கும் கயிற்றில் கட்டியிருந்த மணியைக் கழற்றினாள். வந்தவர்கள் கீழேயிருந்து கயிற்றை இழுத்துப் பார்த்தார்கள். மணி அடிக்கவில்லை. அப்புறமென்ன, பர்மிய மரியாதைக்குப் பேருக்கு முன்னால் ஒரு 'டோ' போட்டுத் தொண்டைதான்.

"டோ கமலாட்சீ! மீன்!"

"டோ கமலாட்சீ! தண்ணி கேன்!"

கீழே ஓடினாள். கரண்ட் போயிருந்ததால் டீக்கடை ஜாபிரின் ஜெனரேட்டர் வேறு கடகடத்தது.

"பாய், புண்ணியமாப் போகும், அதை நிறுத்துங்க. மருமக தூங்கணும்."

நல்ல மனுஷர், உடனே நிறுத்தினார். அவள் வீட்டு மின்விசிறியும் அதில்தான் ஓடுகிறது என்பது மாடி ஏறிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஜூசாரா வேர்த்து வழிய எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"உஸ்ஸ்!"

ஜாபிரின் நல்ல மனசு அதோடு நிற்கவில்லை. கோயில் நன்கொடை வசூலிப்பவர்கள் ஒலிபெருக்கி வண்டியை அவர் கடையோரம் நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஜாபிர் அவர்களிடம் மைக்கை வாங்கிப் பர்மிய மொழியில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை முழங்கினார்.

"தெரு ஜனங்களே! டோ கமலாட்சி வீட்டு பிரேசில் மருமக தூங்குறாங்க! ஒருத்தரும் சத்தம் போடாதீங்க!"

போச்சு, எல்லாம் போச்சு! இனி மகன் எங்கே இருக்கப் போகிறான்? கண்ணில் நீர் முட்ட ஓடிப்போய் மைக்கைப் பிடுங்கினாள்.

"ஐயோ பாய், குடியைக் கெடுத்தீங்களே!"

அதுவும் தெரு முழுக்கக் கேட்டது.

மூச்சிரைக்க மேலே வந்தாள். ஜூசாரா வாயைப் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். கமலாட்சிக்கு ஒன்றும் புரியவில்லை. கார்த்திகேசன் இந்தத் தடவை உஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை.

"அவ ஊர்ல தினம் மத்தியானம் ஸ்பீக்கர் கட்டின கார் ஒண்ணு, யார் செத்தது, எங்க தக்காளி மலிவுன்னு கத்திக்கிட்டே தெருத்தெருவாச் சுத்தும்மா. அதைக் கேட்டுத்தான் அவ தூங்கிப் பழக்கம். ஓடிப்போய் பாயை மறுபடியும் கத்தச் சொல்லுங்க, முழிச்சிடப் போறா!"