இரைச்சல் அண்ணாச்சியும் சிவப்பு வெளிச்ச வயரும்

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரி பாக்கியம், எதிர்வீட்டு மேரியக்கா, இரைச்சல் அண்ணாச்சி, மேரியக்காவின் ஆடு. வேறு யாரும் இல்லை. ஆட்டை எதற்குச் சேர்த்தாய் என்று கேட்கலாம். நடந்ததில் பாதிக்கு அதுதான் காரணம். ஒரு பெயர் விட்டுப்போனாலும் நாளைக்கு யாராவது நான் கதை கட்டுகிறேன் என்பார்கள். எனக்கு அந்தப் பயம் எப்போதும் உண்டு.

கோவில்பட்டியில் சத்தத்தைக் கேட்கிறவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர். சத்தமே இல்லாத இடத்தில் சத்தத்தைக் கேட்கிறவர் இரைச்சல் அண்ணாச்சி ஒருவர்தான். சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். முப்பது வருஷம் கோயில் கொடை விழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று ரேடியோ செட் போட்டவர். குழாய் ஸ்பீக்கருக்கு அடியிலேயே துண்டை விரித்துத் தூங்கியவர். இப்போது வீடு வீடாகப் போய் டிவி, ஸ்பீக்கர் இணைப்புகளைச் சரிபார்க்கிறார். எந்த வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, “இரையுதே” என்பார். அவ்வளவுதான், அந்த வீட்டில் நிம்மதி போயிற்று.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு டீக்கடையில், ஐஸ் பெட்டி ஒரு சுதியிலும் டியூப் லைட் இன்னொரு சுதியிலும் இரைகின்றன, நடுவில் உட்கார்ந்து மனுஷன் டீ குடிக்க முடியாது என்று சொல்லி, டம்ளரோடு ரோட்டைத் தாண்டிப் போய் நின்று குடித்தார். அங்கே லாரிகள் அலறிக்கொண்டு போயின. “இது மட்டும் பரவாயில்லையாவே?” என்று டீக்கடைக்காரர் கேட்டதற்கு, “லாரி போயிரும்லா. இது போகாது” என்றார்.

புதூர்ப் பக்கம் ஒரு துஷ்டி வீட்டில் நடந்தது இன்னும் மோசம். மாலையைப் போட்டுவிட்டுத் தலையைச் சாய்த்தவர், “இந்தக் குளிர்ப்பெட்டியக் கொஞ்சம் அணைங்க. இரைச்சல்ல ஒப்பாரி தெளிவாக் கேக்கல” என்றிருக்கிறார். இறந்தவரின் மூத்த மகனே சிரித்துவிட்டாராம். இளையவருக்கு அவ்வளவு நகைச்சுவை இல்லை. அண்ணாச்சியை பஸ் நிறுத்தம் வரைக்கும் விரட்டிக்கொண்டு வந்தார்.

இப்பேர்ப்பட்டவரை நானாகப் போய் வீட்டுக்குக் கூட்டி வந்தேன் என்றால் காரணம் இருக்கிறது.

நான் எட்டாவதோடு நின்றவன். மொபெட்டில் தீப்பெட்டி பண்டல்களைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பெட்டிக்கடைகளுக்குப் போடுகிறேன். சரக்கு முழுவதும் வீட்டு முன்னறையில்தான். டிவிக்குப் பக்கத்திலிருந்து கூரை வரைக்கும் தீப்பெட்டி. அதனால் எங்கள் வீட்டில் ஊதுபத்தி கிடையாது, சாம்பிராணி கிடையாது, கொசுவத்தி கிடையாது. கொசு கடித்தால் நாலு நாளில் சரியாகிவிடும். தீப்பிடித்தால் அப்படியில்லை.

பாக்கியம் இருபத்திரண்டு வருஷம் நூல் மில்லில் வேலை பார்த்தவள். மில் அவளுக்குக் கொஞ்சம் பி.எஃப். பணத்தைக் கொடுத்துவிட்டுக் காதை எடுத்துக்கொண்டது. காது மிஷின் வாங்கிக் கொடுத்தேன். “தட்டு விழுந்தா இடி விழுந்தாப்ல இருக்கு, மனுசப் பேச்சு மட்டும் விளங்கல” என்று கடுகு டப்பாவுக்குள் போட்டுவிட்டாள். அப்புறம் யார் என்ன சொன்னாலும் அவளிடமிருந்து ஒரே பதில்தான்: “நல்லது.”

எங்கள் மகள் ஜெயா ஓசூரில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வீடியோ காலில் வருவாள். போனை டிவியோடு சேர்த்துப் பெரிதாக வைப்பேன். ஒரு வாரம் அவள், “டெங்கு வந்து மூணு நாள் ஆஸ்பத்திரில கிடந்தேம்மா” என்றாள். பாக்கியம் வாயெல்லாம் சிரிப்பாக, “நல்லது தாயி, ரொம்ப நல்லது” என்றாள்.

ஜெயா அப்புறம் என்னிடம் தனியாகப் பேசினாள். “செவுத்துக்கிட்டப் பேசுறாப்ல இருக்குப்பா. ஒரு பெட்டி வாங்கி அனுப்புதேன். அதுலயும் அம்மாவுக்குக் கேக்கலேன்னா இனிமே உங்ககிட்டயே பேசிக்கிடுதேன்.” அதை நான் பாக்கியத்திடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நல்லது என்றிருப்பாள்.

பார்சல் வந்தது. டிவிக்குள்ளிருந்து சத்தம் எண்களாக வெளியே வருமாம். அதைத் திரும்பச் சத்தமாக மாற்றுகிற சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்று. கூடவே ஒரு ஆம்ப்ளிஃபயர், பாக்கியத்தின் நாற்காலிக்கு இரண்டு பக்கமும் வைக்க இரண்டு ஸ்பீக்கர். டிவியையும் பெட்டியையும் சேர்க்கிற வயர் மட்டும் இல்லை. கடைக்குப் போனேன். கடைக்காரர் மூன்று வயர்களை எடுத்துப் போட்டார். கோஆக்சியல் என்றார், ஆப்டிக்கல் என்றார், தங்க முலாம் பூசியது என்று ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு ஒன்றைக் காட்டினார். “தப்பான வயரைச் சொருகினா டிவி வெடிக்குமா?” என்று கேட்டேன். “வெடிக்காது” என்றார். அவர் சொன்ன தோரணையில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. வெறுங்கையோடு வந்து, இரண்டு நாள் யோசித்து, இரைச்சல் அண்ணாச்சியிடம் போய் நின்றேன்.

ஞாயிறு மத்தியானம் இரண்டு மணிக்கு வந்தார். வாசலில் தலையைச் சாய்த்தார்.

“இரையுதே.”

“அண்ணாச்சி, இன்னும் எதையும் சொருகவே இல்ல.”

“அதான் சொல்லுதேன். சொருகாமலே இரையுது.”

தங்க வயரைப் பற்றிக் கேட்டேன். “போறது ஒண்ணும் சைபரும். அது நடந்து போக எதுக்குவே தங்கப் பாதை? பழைய டிவிடி பிளேயர் வயர் கிடக்கா?” பரணில் கிடந்தது. அதில் மஞ்சள் நுனி வைத்த வயரை மட்டும் உருவினார். படம் போக வைத்திருந்த வயர் இந்த வேலைக்கும் சரியாக வருமாம். டிவிக்குப் பின்னால் ஒரு முனை, பெட்டியில் ஒரு முனை. பத்துப் பைசா செலவில்லை. ஸ்பீக்கரில் செய்தி வாசிக்கிறவர் பேச்சு வந்தது. அந்தப் பேச்சுக்கு அடியில், நாலு மின்சார ரயில் தூரத்தில் நிற்கிற மாதிரி ஒரு உறுமலும் வந்தது. எனக்கே கேட்டது. பாக்கியம் ஸ்பீக்கரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்து, “நல்லது” என்றாள்.

அண்ணாச்சி முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். வாழ்நாளில் முதல் தடவையாக அவர் கேட்ட இரைச்சல் ஊருக்கும் கேட்டிருக்கிறது.

“எர்த்து எங்கன?”

கொல்லைக்குக் கூட்டிப்போனேன். வீடு கட்டும்போது எர்த் கம்பி இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடிய குழி. கோடையில் கரிசல் மண் பிளந்து, என் கை உள்ளே போகிற அளவுக்கு வெடிப்பு. அண்ணாச்சி ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து வாயில் போட்டார். நான் பதறுவதற்குள் சப்புக்கொட்டிப் பார்த்துத் துப்பினார்.

“உப்பே இல்ல. யாரோ எடுத்திருக்காவ.”

“எர்த்துக் குழி உப்பை யாரு அண்ணாச்சி எடுப்பா?”

சத்தம் கேட்டு மேரியக்கா வந்துவிட்டாள். கூடவே அவள் ஆடும் வந்தது. அண்ணாச்சி ஆட்டைப் பார்த்தார். மேரியக்கா, “அப்படிப் பாக்காதீய. எங்க ஆடு அடுத்த வீட்டுப் பொருள்ல வாய் வைக்காது. ஆண்டவருக்குத் தெரியும்” என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் ஆடு நேராகப் போய், பழகின வீட்டுக்குள் நுழைகிற மாதிரி, குழிக்குள் முகத்தை விட்டு நக்க ஆரம்பித்தது.

“அக்கா, உங்க ஆடு எங்க வீட்டு எர்த்தத் தின்னுட்டு.”

“ஆசைக்கு ரெண்டு நக்கு நக்கியிருக்கும். இதுக்குப் போயி.”

எனக்குக் கவலை வேறு பக்கம் ஓடியது. இத்தனை உப்புத் தின்ற ஆட்டுக்கு பிரஷர் வராதா, வந்து செத்தால் மேரியக்கா என்னிடம் பணம் கேட்பாளா என்று. அதற்குள் அண்ணாச்சி என் வீட்டுக் கல்லுப்பு இரண்டு கிலோவைக் குழியில் கொட்டி, இரண்டு வாளித் தண்ணீரும் ஊற்றிவிட்டார். மேலே ஒரு பலகையை வைத்து, ஆட்டுக்கு எதிராக ஒரு கல்லையும் வைத்தார். உள்ளே வந்து கேட்டோம். நாலு ரயில் இரண்டாகியிருந்தது.

“மீதிக்கு இந்தச் செம்பு வயர்தான் காரணம். கள்ளக் கரண்டு இது வழியா பெட்டிக்குப் பெட்டி நடந்து போகுது. செம்பை எடுத்துட்டு வெளிச்சத்தப் போடணும்.”

பையிலிருந்து ஒரு கறுப்பு வயரை எடுத்தார். ஆப்டிக்கல். பசுவந்தனையில் ஒருவர் வாங்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்து, கரண்டே வரவில்லை, ஓட்டை வயர் என்று அண்ணாச்சி தலையில் கட்டியதாம். “கரண்டு வராததுதாம்வே இதுக்குப் பெருமை” என்றார். டிவியின் செட்டிங்கில் போய் எதையோ பிசிஎம் என்று மாற்றினார். இல்லாவிட்டால் பெட்டிக்கு டிவியின் பாஷை புரியாதாம். ஒரு முனையை டிவியில் செருகினார். அடுத்த முனையிலிருந்த சின்ன மூடியைக் கழற்றினார். சிவப்பாக ஒரு வெளிச்சம் எரிந்தது.

நான் தீப்பெட்டி பண்டல்களைப் பார்த்தேன். வெளிச்சத்தைப் பார்த்தேன். ஓடிப்போய் ஒரு வாளித் தண்ணீரோடு வந்தேன்.

“இது சுடாது தம்பி.”

“சிவப்பா இருக்கே அண்ணாச்சி.”

“தக்காளியும் சிவப்பாத்தான் இருக்கு.”

நான் ஒத்துக்கொள்ளவில்லை. சோதனை பண்ணிக் காட்டினால்தான் ஆயிற்று என்றேன். அண்ணாச்சி ஒரு தீக்குச்சியை எடுத்து, அதன் தலையில் அந்த வெளிச்சத்தை ஒட்டிப் பிடித்தார். நான் வாளியோடு நின்றேன். மேரியக்கா ஜெபம் சொன்னாள். ஆடு பார்த்தது. பாக்கியத்துக்கு என்ன நடக்கிறதென்று தெரியாது. எல்லோரும் சத்தமில்லாமல் ஒரு குச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கவும், அவளும் எழுந்து நின்று மரியாதையாகக் கைகூப்பினாள். இருபது நிமிஷம். ஒன்றும் நடக்கவில்லை.

“குச்சி நமுத்துப்போனதா இருந்தா?” என்றேன்.

“நமுத்ததான்னு பாத்துருவோம்” என்று அண்ணாச்சி பெட்டியில் உரசினார். குச்சி ஜோராகப் பற்றியது. என் கை என்னைக் கேட்கவில்லை. வாளி முழுவதும் அவர் தலையில்.

குச்சி அணைந்தது. அண்ணாச்சி அசையாமல் நின்றார். மீசையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. “நல்ல குச்சிதான்” என்றார்.

என் வேட்டி ஒன்றைக் கொடுத்து உள்ளே அனுப்பினேன். போகும்போது, “அந்த முனையப் பெட்டியில சொருகி வைங்க, வாரேன்” என்றார். நான் செருகினேன். ஆனால், எதற்கும் இருக்கட்டும், வெளிச்சம் வெளியே சிந்த வேண்டாம் என்று, கழற்றி வைத்த மூடியைத் திரும்ப மாட்டி, அதோடு அழுத்திச் செருகினேன். கொஞ்சம் முரண்டு பிடித்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அண்ணாச்சி வந்து எல்லாவற்றையும் போட்டார். தலையைச் சாய்த்தார். கண்ணை மூடினார். அப்படியே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“ஆகா. சுத்தம். ஒரு பொட்டு இரைச்சல் இல்ல. தம்பி, முப்பது வருசத்துல இப்படி ஒரு சுத்தத்த நான் கேட்டதில்ல.”

ஐந்து நிமிஷம் அப்படியே இருந்தார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. மேரியக்காதான் கேட்டாள்: “அது சரி அண்ணாச்சி, சத்தம் எங்க?”

அண்ணாச்சி கண்ணைத் திறந்தார். டிவியில் ஒரு பெண் வாயை அசைத்துக்கொண்டிருந்தாள். மணி மூன்று ஐம்பத்தைந்து. வயரை உருவிப் பார்த்தார், மூடியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வாளியில் தண்ணீர் மிச்சமிருந்தால் என் தலையில் ஊற்றியிருப்பார். மூடியைப் பிடுங்கித் தன் ஈரச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, முனையைச் செருகினார். டக்கென்று உட்கார்ந்தது. அந்தப் பெண்ணின் குரல் அறைக்குள்ளேயே நின்று பேசுகிற மாதிரி வந்தது. அதற்கு அடியில் ஒன்றுமே இல்லை. ஒரு ரயில்கூட இல்லை.

நாலு மணிக்கு ஜெயா வந்தாள். “அம்மா, சாப்பிட்டியா?” என்றாள். பாக்கியம் டிவியை விட்டுவிட்டு ஸ்பீக்கர் பக்கம் காதைத் திருப்பினாள். ஜெயா முகம் வாடி, “சரி, அப்பாகிட்ட குடு” என்றாள்.

பாக்கியம் நெற்றியைச் சுருக்கினாள். “ஏட்டி, குக்கர் மூணு விசில் விட்டுட்டு. போயி அணைச்சிட்டு வா. பருப்பு குழைஞ்சிரும்.”

ஜெயா வாயைத் திறந்தபடி அப்படியே நின்றாள். பிறகு அடுப்பங்கரைக்குப் போனாள். திரும்பி வர நேரமாயிற்று. கண்ணும் மூக்கும் சிவந்திருந்தன. “ஆமாம்மா, பருப்புதான்” என்றாள். அப்புறம் ஒரு மணி நேரம் இரண்டு பேரும் பேசினார்கள். டெங்குவை முதலிலிருந்து சொல்ல வைத்து, பாக்கியம் முறையாக அழுதாள். என்னிடம் யாரும் போனைக் கொடுக்கவே இல்லை.

போன் வைத்ததும் நான் அண்ணாச்சியிடம் வயருக்கு எவ்வளவு துட்டு என்று கேட்டேன். அவருக்கு ஒரு சட்டம் உண்டு. இரைச்சல் இல்லை என்று வீட்டில் கேட்கிறவர் வாயால் சொன்னால்தான் காசை வாங்குவார். பாக்கியத்தின் காதோரம் குனிந்து, உரக்க, “இரைச்சல் இருக்கா தாயி?” என்று கேட்டார்.

“இருக்கு அண்ணாச்சி.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணாச்சி ஸ்பீக்கரை அணைத்தார். “இப்ப?”

“இப்பவும் இருக்கு. மில்லு நின்னு எத்தன வருசமாச்சு, எங் காதுக்குள்ள இன்னும் ஓடுது. ராவும் பகலும் இரையும். யாருகிட்டச் சொல்ல?” என்னிடம்கூட அவள் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அண்ணாச்சி அவள் எதிரில், என் வேட்டியோடு, மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். “உங்களுக்கு எந்தச் சுதி தாயி?”

பாக்கியம் வாயை மூடிக்கொண்டு ‘ம்’ என்று இழுத்துக் காட்டினாள். அண்ணாச்சியும் இழுத்தார். “எனக்கு ஒரு கட்டை கூட. கொடையில குழாய்க்கு அடியில படுத்ததுல வந்தது. வீடு வீடாப் போயி தேடிப் பாத்துட்டேன். எங்க போனாலும் இரையுது.” இரண்டு பேரும் மாறி மாறி இழுத்துப் பார்த்துச் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற எனக்கு, நமக்கு மட்டும் ஏன் ஒன்றும் கேட்கவில்லை, காதில் ஏதாவது கோளாறோ என்று பயமாக இருந்தது.

இப்போதும் மாசத்துக்கு ஒரு தடவை வருகிறார். மூடி அவர் சட்டைப்பையில்தான் இருக்கிறது. என்னிடம் நம்பிக்கை இல்லையாம். வாசலில் தலையைச் சாய்ப்பதில்லை. நேராகப் பாக்கியத்தின் காதோரம் போய், “நின்னுச்சா தாயி?” என்பார். “இல்ல அண்ணாச்சி, உங்களுக்கு?” என்பாள். “எனக்கும் நிக்கல” என்பார். ஒரு டீ குடிப்பார். நான் பணத்தை நீட்டினால், “அவிய இன்னும் சொல்லலியே” என்று கையைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்.

வயர் வகையில் இன்னும் பாக்கி முந்நூற்று ஐம்பது ரூபாய்.