ஒரு பதில் சொல்லிட்டுப் போங்க சார்

'இல்லை' என்று முகத்துக்கு நேராகச் சொல்பவர்களால் இந்த உலகத்தில் யாருக்கும் பெரிய நஷ்டம் வந்ததில்லை. அரைப்படி உளுந்து கேட்டுப் போகிறோம், இல்லை என்கிறார்கள், மனசுக்குள் நாலு வார்த்தை திட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறோம். ஆபத்தெல்லாம் நல்லவர்களிடம்தான் இருக்கிறது. 'இருங்க, பாக்குறேன்', 'சொல்லி அனுப்புறேன்' என்று சிரித்த முகமாகச் சொல்லி நம்மை உட்கார வைத்துவிடுவார்களே, அவர்களிடம்.

அப்படி ஒரு நல்ல மனுஷரிடம் நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். (அவர் என்னிடம் மாட்டிக்கொண்டதாக அவர் வீட்டில் சொல்லக்கூடும். அதையும் தப்பென்று சொல்ல மாட்டேன்.)

எண்பதுகளின் தொடக்கம். திருநகரில் எங்கள் வீடு. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ரிட்டயர் ஆகப் போகிற நேரம். நான் காலேஜ் முடித்து, டைப்ரைட்டிங்கில் தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் பாஸ் பண்ணி, மதுரையில் எங்கெல்லாம் டைப்பிஸ்ட் தேவை என்று போர்டு தொங்கியதோ அங்கெல்லாம் போய் வந்திருந்தேன். போன இடமெல்லாம் மரியாதைக்குக் குறைவில்லை. எல்லோரும் 'தெரியப்படுத்துறோம்' என்றார்கள். ஒருத்தரும் தெரியப்படுத்தவில்லை. தபால்காரர் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டாலே எழுந்து வாசலுக்கு ஓடி, அவர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன். இயல்பிலேயே ஓரிடத்தில் உட்கார முடியாத பிறவி நான். ஜெப நேரத்தில்கூட என் கால் ஆடிக்கொண்டே இருக்கும். இதில் இந்தக் காத்திருப்பு வேறு.

அந்த வாரம் இரண்டு காரியம் ஒன்றாக வந்தது. டி. கல்லுப்பட்டியில் பெண்கள் ஹாஸ்டல் ஒன்றில் ஆபீஸ் வேலைக்கு ஆள் தேடினார்கள். அங்கே பொறுப்பிலிருந்த அம்மா கறாரானவர். "வியாழக்கிழமை காலைல வந்து சேந்துக்கிட்டா வேலை உனக்கு. வரலைன்னா வேற பிள்ளைக்குக் கொடுத்துருவேன்" என்று சொல்லிவிட்டார். ஆனால் அங்கேயே தங்க வேண்டும். எனக்கு வீட்டை விட்டுப் போக மனசில்லை. முந்தின நாள் புதன்கிழமைக்குத்தான் பழங்காநத்தத்தில் ஒரு பம்புசெட் கம்பெனியிலிருந்து இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரே பஸ். சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். வருஷத்துக்கு ஒரு போனஸ்.

ஆக, பழங்காநத்தம் 'சரி' என்றால் கல்லுப்பட்டி வேண்டாம். பழங்காநத்தம் 'இல்லை' என்றால் விடியற்காலை கல்லுப்பட்டி பஸ். எப்படியிருந்தாலும் அன்றைக்கே பதில் தெரிந்தாக வேண்டும். என் மதினியின் பிஸ்கட் கலர் சேலையைக் கட்டிக்கொண்டு (அவர் கல்யாணத்துக்குப் பிறகு அதை அவரே இரண்டு தரம்தான் கட்டியிருந்தார்), தலை நிறையக் கனவோடு போய் இறங்கினேன்.

மாடியில் ஆபீஸ். கீழே பம்புசெட் குடோன். என்னைப் போலவே சேலை முந்தானையை முறுக்கிக்கொண்டு பத்துப் பதினைந்து பெண்கள் பெஞ்சில் இருந்தார்கள்.

மானேஜர் பெயர் சபாபதி. ஐம்பது வயதிருக்கும். அப்படி ஒரு மரியாதையை நான் எந்த இன்டர்வியூவிலும் பார்த்ததில்லை. நான் உள்ளே போனதும் எழுந்து நின்றார்!

"வாங்கம்மா. உக்காருங்கம்மா. வெயில்ல வந்திருக்கீங்க. மொதல்ல தண்ணி குடிங்க."

டைப் அடிக்கச் சொன்னார். அடித்தேன். தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "ஒரு பிழை இல்லையே. ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்கம்மா" என்றார். எனக்கு அங்கேயே ஆர்டரைக் கையில் வாங்கியது மாதிரி இருந்தது. "கொஞ்சம் வெளிய இருங்கம்மா. நானே சொல்லி அனுப்புறேன்" என்று கதவு வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

வெளியே இருந்தேன்.

மற்ற பெண்களிடமும் இதையேதான் சொல்லியிருப்பார் போல. ஆனால் அவர்கள் விவரமானவர்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒவ்வொருத்தராகச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ஒருத்தி போகும்போது என்னைப் பார்த்து, "நீங்க வரலையா?" என்று கேட்டாள். 'போட்டி குறைகிறது' என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். (இம்புட்டு அறிவோடு எப்படி ஹையர் பாஸ் பண்ணினேன் என்று எனக்கே தெரியவில்லை.)

மத்தியானம் ஆனது. கூப்பிடும்போது ஆள் இல்லாமல் போய்விடக் கூடாதே என்று சாப்பிடப் போகவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போவேன். திரும்பி வந்து உட்காருவேன். சுவரில் தொங்கிய காலண்டரில் பம்புசெட்டுக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்த விவசாயியின் பல்லை எண்ணினேன். 'ரொம்ப நன்றி சார், நாளைக்கே வந்து சேந்துக்கிறேன்' என்று சொல்லிப் பார்த்தேன். கால் ஆடி ஆடி பெஞ்சே ஆடியது. உள்ளேயிருந்து பேச்சுச் சத்தம் வந்துகொண்டிருந்தது. அப்புறம் அதுவும் நின்றது.

பியூன் முத்தையா அண்ணன் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டே வந்தார். என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டுவிட்டார்.

"பாப்பா! நீ இன்னுமா இருக்க?"

"சார் இருக்கச் சொன்னாருண்ணே."

"சாரு இப்பத்தானம்மா பின்படி வழியா எறங்கிப் போனாரு."

"பின்படி வழியாவா? எதுக்கு?"

முத்தையா அண்ணன் தலையைச் சொறிந்தார். "அவரு தங்கமான மனுசன் பாப்பா. முகத்துக்கு நேரா யாரையும் வேணாம்னு சொல்ல மனசு வராது அவருக்கு. இன்டர்வியூ வச்சா எப்பயும் இப்பிடித்தான். வெளிய இருக்கச் சொல்லிட்டு அந்தப் பக்கமா போயிருவாரு. வந்தவங்க பாத்துட்டு தன்னால கெளம்பிருவாக. நீதான்…"

'நீதான் கிளம்பாத முதல் ஆள்' என்பதை அவரும் மரியாதை கருதிச் சொல்லாமல் விட்டார்.

எனக்கு வேலை போனது பெரிதாகத் தெரியவில்லை. போனதா இல்லையா என்று இப்போதும் தெரியவில்லையே, அதுதான் தாங்கவில்லை. ஒருவேளை மறந்துபோய்ப் போயிருந்தால்? நாளைக்குக் கல்லுப்பட்டிக்குப் போவதா வேண்டாமா? மாடிப்படியில் தடதடவென்று இறங்கி ரோட்டுக்கு வந்தேன். தூரத்தில், கையில் சாப்பாட்டுக் கூடையோடு மானேஜர் பஸ் ஸ்டாப்பைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்.

"சார்!" என்று கூப்பிட்டேன்.

திரும்பினார். என்னைப் பார்த்தார். ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு வேகமாக நடக்க ஆரம்பித்தார். நானும் வேகமாக நடந்தேன். அந்த நேரம் பார்த்து என் செருப்பு வார் அறுந்தது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

இப்போது யோசித்தால் புரிகிறது. சாயங்கால நேரம், பழங்காநத்தம் கடைத்தெரு. முன்னால் ஒரு நடுத்தர வயது ஆண். பின்னால் கையில் செருப்போடு ஒரு குமரிப்பெண். மானேஜர் மறுபடி திரும்பிப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார். அதற்கப்புறம் அவர் நடக்கவில்லை, ஓடினார்.

"சார், நில்லுங்க சார்!" நான் கத்தினேன். "காலைலேருந்து காக்க வச்சுட்டு இப்பிடி ஓடுறீங்களே! ஒரு பதில் சொல்லிட்டுப் போங்க சார்!"

சைக்கிள் கடைக்காரர் ஒருவர் காற்றடிக்கிற பம்பைக் கையில் வைத்துக்கொண்டே குறுக்கே பாய்ந்து மானேஜர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். பித்தான் தெறித்தது. கூட்டம் கூடிவிட்டது. மூச்சு வாங்க நான் போய்ச் சேர்ந்தபோது, அங்கே பூக்கட்டிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"என்னத்தா செஞ்சான் ஒன்னைய? பயப்படாமச் சொல்லு."

"ஒண்ணும் செய்யலைக்கா. வேணும்னா வேணும்னு சொல்லட்டும். வேணாம்னா வேணாம்னு சொல்லட்டும். எனக்கு வேற எடத்துல கேட்டுருக்காக. விடிஞ்சா அவங்களுக்குப் பதில் சொல்லியாகணும்."

கூட்டத்தில் 'ச்சூ' கொட்டினார்கள்.

"கேட்டீங்களாய்யா? வேற எடம் வந்துருச்சாம். புள்ள தவிக்குது" என்றார் பூக்கார அக்கா. "யோவ், பதில் சொல்லு."

மானேஜர் மூக்குக்கண்ணாடி ஒரு காதில் தொங்கியது. அந்த நிலையிலும் அவர் மரியாதையை விடவில்லை. "நல்ல பிள்ளைங்கம்மா. ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனா ஏற்கெனவே வேற ஒரு பொண்ணு முடிவாகிப் போச்சு. பெரியவங்க முடிவு பண்ணது. என் கையில ஒண்ணுமில்ல."

"அப்ப எதுக்குய்யா இந்தப் புள்ளையக் கூப்புட்டு ஆசை காட்டுன?" சைக்கிள் கடைக்காரர் உலுக்கினார்.

"முறைன்னு ஒண்ணு இருக்கில்லங்க. பத்துப் பதினஞ்சு பேரையாவது பாத்தாகணும்ல."

"பதினஞ்சு பேரா!"

கூட்டம் ஒரு அடி முன்னால் வந்தது. பம்பு மேலே உயர்ந்தது.

"இன்னிக்கு மட்டும்தாங்க பதினஞ்சு" என்று மானேஜர் தன் கட்சியைச் சமாதானமாக எடுத்துச் சொன்னார். "போன வருஷமெல்லாம் இம்புட்டுப் பேர் இல்ல."

அப்போதுதான் பூக்கார அக்கா என் தலையைத் தடவி, "போகட்டும் தாயி, நீ அழுகாத. ஒனக்கு ராசாவாட்டம் மாப்பிள்ளை வருவான்" என்றார். எனக்குத் தலையில் இடி இறங்கியது.

"ஐயோ, அக்கா! டைப்பிஸ்ட் வேலைக்கா! டைப்பிஸ்ட் வேலைக்கு!"

கூட்டம் ஒரு அடி பின்னால் போனது. அத்தனை முகத்திலும் ஏமாற்றம். நல்ல சண்டையை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு நான் பெரிய துரோகம் செய்துவிட்ட மாதிரி பார்த்தார்கள். சைக்கிள் கடைக்காரர் பிடியை மெல்லத் தளர்த்தி, மானேஜர் சட்டையைத் தடவித் தடவிச் சுருக்கம் நீக்கினார். அப்புறம் அவருக்கே ஒரு சந்தேகம் வந்தது.

"வேலைன்னாலும் சொல்ல வேண்டியதுதான சார்? புள்ள காலைலேருந்து உக்காந்துருக்குல்ல?"

"ஆமா, சொல்லிட்டுப் போகட்டும்" என்றது கூட்டம்.

மானேஜர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். தொண்டையைச் செருமினார். என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். அவர் நெற்றியில் வியர்வை வழிந்ததைப் பார்த்து, 'வேண்டாம் சார், எனக்கே புரிஞ்சிருச்சு' என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"உங்களுக்கு… வேலை… இல்லைம்மா" என்றார்.

"ரொம்ப நன்றி சார்" என்றேன். காலையிலிருந்து சொல்லிப் பார்த்ததில் பாதியாவது பயன்பட்டது.

"சொல்லிட்டனே!" என்றார் அவர், பக்கத்திலிருந்தவரைப் பார்த்து. பல்லைப் பிடுங்கிவிட்டு எழுந்த ஆள் மாதிரி அவர் முகத்தில் அப்படி ஒரு ஆச்சரியம்.

"இம்புட்டுத்தான. இதச் சொல்லவா இந்த ஓட்டம்?" என்று பூக்கார அக்கா தன் இடத்துக்குத் திரும்பினார்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மானேஜர் வீடும் திருநகர் பக்கமாம். அவருக்கும் எனக்கும் ஒரே பஸ். ஒரு காலில் செருப்போடு நான் ஏறினேன். நெஞ்சுப் பித்தான் இல்லாமல் அவர் ஏறினார். பூக்கார அக்கா ஓடி வந்து, "கண்டக்டரண்ணே, அந்தாளு இந்தப் புள்ளை பக்கத்துல போகாமப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். (அவருக்கு விஷயம் முழுசாகப் போய்ச் சேரவில்லை என்று நினைக்கிறேன்.) பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மானேஜர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசி வரைக்கும் வெளியே வேடிக்கை பார்த்தபடியே வந்தார். இறங்கும்போது மட்டும், "போயிட்டு வாங்கம்மா" என்று தணிந்த குரலில் சொன்னார்.

எனக்கு முன்னால் சேதி வீடு போய்ச் சேர்ந்திருந்தது. கடைத்தெருவில் வெற்றிலை வாங்க வந்த எங்கள் சபைக்காரர் ஒருவர் பாதியைப் பார்த்துவிட்டு முந்தின பஸ்ஸில் ஏறியிருந்தார். மதினி சேலை ஓரத்தில் இருந்த சேற்றைப் பார்த்து அழ ஆரம்பித்தார். அப்பா வாசலில் நின்றார். கோபப்பட்டுப் பழக்கமில்லாத மனுஷர். என்னை உள்ளே கூட்டிப்போய், கதவைச் சாத்தி, ரொம்ப நிதானமாகக் கேட்டார்:

"எம்மா, எதுவானாலும் அப்பா பாத்துக்குவேன். அந்தாளுக்குப் பிள்ளைங்க இருக்கா?"

அவருக்குப் புரிய வைப்பதற்குள் சோறு ஆறிப்போனது. புரிந்த பிறகு அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். அவர்களுக்கும் ஒருமுறை முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று.

விடிந்ததும் கல்லுப்பட்டி பஸ்ஸைப் பிடித்தேன். அந்தக் கறாரான அம்மாவிடம் வேலைக்குச் சேர்ந்தேன். பின்னாளில் அதே ஹாஸ்டலில் ஆள் எடுக்கிற பொறுப்பு எனக்கு வந்தபோது, வந்தவர்களிடம் முகத்துக்கு நேராக 'உனக்கு இல்லைம்மா' என்று சொல்லத் தொடங்கினேன். முதல் நாள் சொல்லிவிட்டு நானே பின்பக்கம் போய் அழுதேன். சபாபதி சார் ஏன் ஓடினார் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

சேர்ந்த இரண்டாம் வருஷம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை கல்லுப்பட்டிக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். (நான் மானேஜரைத் துரத்திய கதை அதற்குள் கல்லுப்பட்டி வரைக்கும் போயிருந்தது.) பலகாரம், காபி எல்லாம் முடிந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"சரிங்க. ஊருக்குப் போய்க் கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புறோம்."

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். என் கால் ஆட ஆரம்பித்தது. அது மாப்பிள்ளை கண்ணில் பட்டுவிட்டது போல.

"மாமா, இருங்க" என்றார் அவர். "இப்பவே சொல்லிருவோம். எனக்குச் சம்மதம்."

"என்ன மாப்ள இம்புட்டு அவசரம்?" என்று மாமா திகைத்தார்.

மாப்பிள்ளை அவர் காதருகே குனிந்து ரகசியமாகச் சொன்னதாக நினைத்துச் சொன்னது கூடம் முழுக்கக் கேட்டது:

"பஸ் ஸ்டாப்பு ரொம்ப தூரம் மாமா. ஒங்களால ஓட முடியாது."

அந்த மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் இருந்த வரைக்கும் எந்த விசேஷத்தில் என்னைப் பார்த்தாலும் முதலில் தன் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொள்வார். அப்புறம்தான் "நல்லா இருக்கியாத்தா?" என்று கேட்பார்.