கூட்டிய பிறகு அடுக்கிய அறிக்கை

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் சுகம். சுகமில்லாமல் போனால் அதற்கும் நீங்கள் ஒரு புரோகிராம் எழுதித் தருவீர்கள் என்ற தைரியத்தில் இருக்கிறோம்.

எங்கள் பார்சல் கிடங்கில் யார் எத்தனை பெட்டி கையாண்டார் என்று காட்ட ஓர் அறிக்கை செய்துகொடுத்தீர்கள். அவரவர் எண்ணை அழுத்திவிட்டுத் தூக்கும் பெட்டிக்கு ஒரு பதிவு, ஆளுக்கு ஒரு தொகுப்பு, அதன் வலது ஓரத்தில் மொத்தம். அருமை. மேனேஜர் ஐயா தொடக்க நாளன்று தன் எண்ணை அழுத்தி, போட்டோவுக்காக ஒரு பெட்டியைத் தூக்கி, பல்லைக் காட்டி, இறக்கி வைத்தார். போன வாரம் ஓர் உத்தரவும் போட்டார்: அறிக்கையில் யார் மிகக் குறைவோ, பதவி பாராமல் அவர் புதுக் கிடங்குக்குப் போக வேண்டும். அங்கே போன் சிக்னல்கூட வேலைக்கு வருவதில்லையாம்.

முதல் பிரிண்டில் நான்தான் முதல். மொத்தம் என்ற கட்டம் மட்டும் தாளில் வரவில்லை. எங்கள் பிரிண்டருக்கும் வலது ஓரத்துக்கும் ஆகாது. எனக்கெதற்கு மொத்தம்? அதை ஹாலில் மாட்டி, வந்தவர் போனவரையெல்லாம் அதன் எதிரே உட்கார வைத்தேன். கடைசியில் இருந்தவன் தள்ளுவண்டி ஓட்டுவதால் நாங்கள் சக்கரம் என்று கூப்பிடும் பையன். "கடைசி ஆளை அனுப்பலாம்" என்று சூப்பர்வைசர் என்ற முறையில் நானே சுழித்துக் கையெழுத்துப் போட்டேன். அவன் நேரே வந்து நின்றான்.

"அண்ணே, நீங்க தூக்குறதே டீ கிளாஸ் மட்டும்தான். நீங்க முதல், நான் கடைசியா?"

"கம்ப்யூட்டர் சொல்லுதுடா."

"அப்ப பெட்டியையும் அதையே தூக்கச் சொல்லுங்க."

மனசு கேட்காமல் உங்களுக்குப் போன் போட்டேன். நீங்கள் சிரித்துக்கொண்டே, "மாமா, அது பணியாளர் எண் வரிசை. நீங்க ஒண்ணாம் நம்பர், அவர் புதுசு. முதல்ல ஒவ்வொருத்தருக்கும் கூட்டி வச்சுக்கணும், அப்புறம்தான் அந்த மொத்தத்தை வச்சு அடுக்க முடியும்" என்றீர்கள். கூட்டாமல் மொத்தம் வராது! இதைக் கண்டுபிடிக்க எத்தனை வருடம் கல்லூரியில் உட்கார்ந்தீர்களோ! நானாக இருந்தால் எட்டாம் வகுப்பிலேயே முடித்திருப்பேன், அங்கேதானே முடித்தேன்.

திருத்தி அனுப்பினீர்கள். பிரிண்ட் எடுத்தோம். மொத்தம் வழக்கம்போல் தாளுக்கு வெளியே. முதலில் மேனேஜர் ஐயா. மேனேஜர் என்றால் முதலில் வருவதுதானே மரியாதை! கடைசியில் யார் தெரியுமா? உங்களுக்குப் பெண் கொடுத்த மகானுபாவன். எனக்கு முந்தின வரியில் சக்கரம். மேனேஜர் என் தோளைத் தட்டி, "பெரியவரே, கம்பளி எடுத்துக்குங்க, அங்க குளிரும்" என்றார். அவ்வளவு அக்கறை! அத்தை பெட்டியை இறக்கி என் சட்டைகளை மடிக்கிறாள், பாடிக்கொண்டே.

மாப்பிள்ளை, இந்த வயதில் தனியாகப் போய் யாருக்குத் துணி துவைக்கத் தெரியும்? எனக்குத் தெரியாது. ஆகவே கிண்டலை விட்டுக் கேட்கிறேன், உங்கள் படிப்பைக் கொஞ்சம் மறந்துவிட்டு, அந்தப் பழைய எண் வரிசையையே திருப்பி வைத்துவிடுங்கள். சக்கரத்தை நான் எப்படியாவது பேசிக் காப்பாற்றிக்கொள்கிறேன்.

மகளுக்கு என் அன்பு. நீங்கள் இருவரும் குறையாத மொத்தத்தோடு, எப்படி அடுக்கினாலும் மேலே நிற்க வாழ்த்தும்,

உங்கள் மாமா (இன்றுவரை சூப்பர்வைசர்).

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் அழித்துவிடுங்கள். அத்தை உங்கள் அறிக்கையைப் போனில் திறந்து, போனைப் படுக்க வைத்துப் பார்த்தாள். மொத்தம் தெரிந்தது. "ஏங்க, இது சின்னதுல ஆரம்பிச்சுப் பெரிசுல முடியுது. நீங்கதான் அதிகம்!" என்றாள், சட்டையைக் கீழே போட்டுவிட்டு. யாராவது எண் அழுத்த மறந்தால் பெட்டி ஒண்ணாம் நம்பரில் விழும் என்பதை அவளிடம் சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள். உண்மையில் முதல் ஆள் சக்கரம்தான். மேனேஜர் ஐயாவின் மொத்தம் ஒன்று. போட்டோப் பெட்டி. மொத்தம் தெரியும்படி அறிக்கையைப் படமெடுத்துக் கிடங்கு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். இப்போதுதான் ஐயா போன் செய்தார்: பழைய எண் வரிசையையே வைத்துக்கொள்ளலாமா என்று மாப்பிள்ளையைக் கேட்கணுமாம். நீங்கள் ஊரில் இல்லை என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கம்பளி மட்டும் கொடுத்தனுப்புகிறேன்.