மணியில்லாக் கல்

உடைக்காமல் விடுவதில்லை என்று தங்கையன் வாத்தியார் தீர்மானித்துவிட்டார். மண்டையை இல்லை, கல்லைத்தான்.

தக்கலைப் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் படிப்பிக்கிற மனுஷன். மகள் பொன்மணி காய்ச்சலில் போய், வீட்டுத் தோப்பான விளையில் அடக்கம் செய்த வாரமே அதே விளையில் வானத்திலிருந்து ஒரு கல் வந்து விழுந்தது. தேங்காய் அளவு, கரியேறிய தோல். பிள்ளைக்காக வந்த கல் என்று மனைவி பூங்கனி அதைக் குழிமேட்டின் தலைமாட்டில் நட்டுவிட்டாள். பெத்த வயிறு, யார் என்ன சொல்ல?

வாத்தியார் சொன்னார்.

"ஏட்டி, உள்ள கடுகுபோல மணிமணியா இருந்தா ஒரு சாதி. மணி இல்லேன்னா வேற சாதி. உடைச்சாத்தான தெரியும்?"

"கல்லுலயுமா சாதி பாக்கிய?"

"என்னென்ன தாது இருக்குன்னு கண்டு சொன்னா, நம்ம பேரு மகாராஜா வரைக்கும் போவும்!"

"எம் பிள்ள போன எடம் போதும். அதத் தொட்டியன்னா நானும் அங்ஙனயே படுத்திருவேன்."

அவருக்கும் துக்கம்தான். மகளை நினைத்தால் நெஞ்சடைக்கும். ஆனால் கல்லை நினைத்தால் கை அரிக்குமே! பூங்கனி சந்தைக்குப் போன நேரம் பார்த்துக் கல்லைப் பிடுங்கினார். அதே கருப்பு வேண்டுமே என்று அடுப்புக்கல் ஒன்றை உருவிக்கொண்டுபோய் அங்கே நட்டார். பிறகு சுத்தியலால் ஒரே போடு.

லென்ஸை வைத்தார். பைராக்சீன் என்கிற தாது கரும்பச்சையாய் மின்னியது. காந்தம் ஒட்டவில்லை, ஆகவே இரும்பில்லை. மணி ஒன்றுகூட இல்லை. அபூர்வ சாதி! தன்னை மறந்து கூவினார்.

"மணி இல்ல! மணி இல்ல!"

"அது எனக்குத் தெரியாதாக்கும்?"

வாசலில் கூடையோடு பூங்கனி நின்றாள். கண் நிறைந்திருந்தது. வாத்தியாருக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

"மன்னிச்சிருட்டி. உங்கிட்ட கேக்காம வானத்துக் கல்ல..."

"வானத்துக் கல்லு பிள்ளைக்கக் கூட மண்ணுக்குள்ள பத்திரமா கெடக்கு. உங்க கண்ணு அதுமேல விழுந்த அன்னைக்கே புதைச்சிட்டேன். மேல நட்டது நம்ம பழைய அடுப்புக்கல்லு."

"அப்பம் இந்தக் கருந்தோலு?"

"கஞ்சி வச்ச கரி."

"பைராக்சீன் இருக்கே!"

"வேளிமலைக் கல்லுல என்னதான் இல்ல?"

உள்ளே போனவள் அதே வேகத்தில் திரும்பி வந்தாள்.

"நான் நட்டதும் அடுப்புக்கல்லு, நீங்க நட்டதும் அடுப்புக்கல்லு. இப்பம் அடுப்புல ரெண்டுதான் இருக்கு. வாங்க, மூணாவதுக்கு உங்க தலைய வையுங்க, கஞ்சி காய்ச்சணும்."