பனிமலைக்குக் கறுப்புச் சுருட்டு

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால்கூட அலட்டிக்கொள்ளாமல் டீ குடிக்கிற ஆட்கள் தூத்துக்குடியில் உண்டு. ஆனால் சுருட்டு அண்ணாச்சி வீடியோ கேம் ஆட உட்கார்ந்துவிட்டார் என்று தெரிந்தால், எங்கள் மேன்ஷனில் கதவைச் சாத்திக்கொள்ளாத ஆள் ஒருவன்கூடக் கிடையாது.

அவர் ஹார்பரில் கிரேன் ஆபரேட்டர். ஐம்பதைத் தாண்டியவர். சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. மச்சினன் துபாயிலிருந்து வாங்கிவந்த கேம் பெட்டியில் ஒரே ஒரு ஆட்டம்தான் ஆடுவார். லாரியில் மரத்தடிகளை ஏற்றிக்கொண்டு சமவெளி, காடு, பனிமலை எல்லாம் தாண்டி, ஒரு தடிகூட விழாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இதற்கு எதற்குக் கதவைச் சாத்த வேண்டும் என்று கேட்பீர்கள். நீங்கள் அந்த ரூமில் இருந்ததில்லை.

முதல் சங்கதி, சுருட்டு. ஒவ்வொரு பாதைக்கும் ஒரு ஜாதிச் சுருட்டு வைத்திருந்தார். சமவெளிக்கு மெலிசான, காரமில்லாத சுருட்டு. காட்டுப் பாதைக்கு நடுத்தரம். பனிமலைக்குக் கட்டைவிரல் தடிமனில் ஒரு கறுப்புச் சுருட்டு. அதைப் பற்றவைத்தால் பல்லிகூடச் சுவரை விட்டு இறங்கி வெளியே போகும்.

"பனிமலைக்கும் மெலிசே போதாதா அண்ணாச்சி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கூறுகெட்டவனே, அம்புட்டுக் குளிருலே. மெலிசு தாங்குமா?"

வெளியே தூத்துக்குடி வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. இந்த மனுஷனிடம் யார் வாதாடுவது? ஒருமுறை கப்பல்காரர் ஒருவர் தகரக் குழாய்க்குள் வைத்த சீமைச் சுருட்டு ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் போனார், லாரி கவிழ்ந்தது. "இது பங்களாவுல சாஞ்சு உக்காந்து பிடிக்கிறதுடே, லாரிக்கு ஆவாது" என்று மிச்சத்தை எனக்கே கொடுத்துவிட்டார்.

இரண்டாவது சங்கதிதான் என் பிராணனை வாங்கியது. கிரேன் மேலே உட்கார்ந்திருக்கிறவருக்குக் கப்பலின் அடித்தளம் தெரியாது. கீழே நிற்கிற சிக்னல்மேன் கையைக் காட்டுவான், அவர் தூக்குவார், இறக்குவார். அப்படியே பழகிப்போனதால், கேம் ஆடும்போதும் டிவிக்குப் பக்கத்தில் ஒருத்தன் நின்று கைகாட்ட வேண்டும். பக்கத்து ரூம்காரன் என்ற பாவத்துக்கு அந்த ஒருத்தன் நான். நாள் முழுக்க ஷிப்பிங் ஆபீசில் தலையை உடைத்துக்கொண்டு வந்து, சாயங்காலம் இல்லாத லாரிக்கு இடது, வலது காட்டிக்கொண்டு நிற்பேன். ஒருநாள் மூக்கில் உட்கார்ந்த கொசுவை விரட்டினேன். லாரி பள்ளத்தில் போய்விட்டது. ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, மூதி என்றுகூடத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஆட்டம் நடக்கும்போது அவர் காதில் எதுவும் விழாது. கை மட்டும்தான் கணக்கு. தூக்கு, இறக்கு என்பதெல்லாம் சிக்னல்மேன் காட்டினால்தான் செல்லும். ஆனால் இரண்டு கையையும் அகல விரித்து ஆட்டுகிற 'நிறுத்து' மட்டும் யார் காட்டினாலும் செல்லும். ஹார்பரில் அதுதான் சட்டம். ஒருநாள் மொட்டை மாடியில் கூட்டுகிற அம்மா வடகத்தைக் கொத்த வந்த காக்காயை இரண்டு கையையும் வீசி விரட்ட, கீழே தண்ணீர் வாளியோடு போய்க்கொண்டிருந்த அண்ணாச்சி வைத்த காலை எடுக்காமல் நின்றுவிட்டார்.

"யாரு காட்டினாலும் மொதல்ல நிப்பாட்டணும்டே. ஏன் எதுக்குன்னு பொறவு கேட்டுக்கிடலாம். கீழ நிக்கது ஒரு உசிரு."

வீடு வாசல் உள்ள மனுஷன் மேன்ஷனில் ஏன் கிடந்தார்? அதுவும் சுருட்டால்தான். "வீட்டுல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல அந்தப் புகை இருக்கணும்" என்று அவர் சம்சாரம், எங்களுக்கு மதினி, சொல்லியிருக்கிறார். இவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "பனிமலையத் தாண்டுத அன்னைக்குச் சுருட்ட கடல்ல எறிஞ்சிட்டு வாரேன். தாண்டாம இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன். திருச்செந்தூர் முருகன் மேல சத்தியம்" என்று மச்சினன் முன்னால் சொல்லிவிட்டு, டிவியையும் பெட்டியையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

முருகன் மேல் சத்தியம் பண்ணுகிறவன் சமவெளியோடு நிறுத்தியிருக்கலாம். மாதக்கணக்காகியும் பனிமலை அசையவில்லை, மனுஷன் உருகிப்போனார். எந்த ஓட்டலில் தின்றாலும் "உப்பு இல்ல" என்பார். வேலை முடிந்து நேராக வராமல், வீட்டுத் தெரு வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறிச் சுற்றிக்கொண்டு வருவார். கேட்டால், "அந்த பஸ்ஸுலதான்டே காத்து நல்லா வரும்" என்பார். எனக்குப் பாவமாகவும் இருக்கும், நாலு அறை விடலாம் போலவும் இருக்கும்.

இதற்கிடையில் மேன்ஷன் முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ரூமைக் காலி பண்ணிருங்க. பொகையில குடியிருக்கதுக்கு எவனும் வாடகை தர மாட்டான்" என்றார். அண்ணாச்சிக்கு இப்போது ரூமும் இல்லை, சத்தியத்தால் வீடும் இல்லை. அன்றைக்குள் பனிமலையைத் தாண்டியே ஆக வேண்டும்.

ஞாயிறு மதியம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். சமவெளி போயிற்று. காடு போயிற்று. கறுப்புச் சுருட்டைப் பற்றவைத்தார். ஜன்னலில் மேன்ஷனே ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு நின்றது. நான் டிவி பக்கத்தில் கண்ணெரிச்சலோடு கைகாட்டிக்கொண்டிருந்தேன். மூக்கு அரித்தது, தொடவில்லை. லாரி இஞ்ச் இஞ்சாக ஏறியது. எந்த நாளும் வராத உயரத்துக்கு வந்துவிட்டது. ஒரு தடி நழுவிச் சங்கிலியில் தொங்கி, திரும்ப உட்கார்ந்தது. ஜன்னலில் ஒருத்தன் "முருகா" என்றான். இன்னும் ஒரே ஒரு வளைவு.

அப்போது வாசலில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓர் அம்மா நின்றார். முதலாளி போன் பண்ணியிருக்கிறார், மதினி கூட்டிப்போக வந்திருக்கிறார். வந்தவர் மூக்கை ஒருமுறை உறிஞ்சினார். முகம் மாறியது.

"ஏங்க, எந்திரிங்க" என்றார். அண்ணாச்சிக்குக் கேட்குமா? மதினி ஒரே எட்டில் வந்து என்னைத் தள்ளிவிட்டு, டிவி முன்னால் நின்று இரண்டு கையையும் அகல விரித்து ஆட்டினார்.

அண்ணாச்சியின் விரல்கள் பட்டென்று நின்றன. நடு ஏற்றத்தில் நின்ற லாரி மெதுவாகப் பின்னால் சறுக்கி, தடிகளோடு பள்ளத்தில் இறங்கியது. மதினி திரும்பிப் பார்க்கவில்லை. மூலையில் இருந்த வாளித் தண்ணீரைத் தூக்கி அண்ணாச்சியின் முதுகுக்குப் பின்னால் கொட்டினார். அப்போதுதான் பார்த்தோம். சுருட்டிலிருந்து விழுந்த நெருப்பு பஞ்சு மெத்தையில் தட்டளவுக்குப் பிடித்து, வேட்டி வரைக்கும் வந்திருந்தது.

"அத்தனை பேரு நிக்கியளே, ஒருத்தருக்குமா தெரியல?" என்றார் மதினி.

"ஒரே பொகையா இருந்துச்சு மதினி, சுருட்டுன்னு நெனச்சோம்" என்றேன்.

"சுருட்டுப் பொகையோட இத்தனை வருசம் குடும்பம் நடத்தியிருக்கேன். பஞ்சு வாடை எனக்குத் தெரியாதா?"

அண்ணாச்சி நனைந்த வேட்டியோடு டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. புகையால் இல்லை.

"ஏளா, ஒரு வளைவுதான் பாக்கி இருந்துச்சு. வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேனே."

மதினி காலி வாளியைக் கீழே வைத்தார். "வாசப்படியத்தான மிதிக்கப்பிடாது. பொறவாசல் வழியா வாங்க. பெட்டியையும் எடுத்துக்கிடுங்க, அங்கன வந்து தாண்டுங்க. சுருட்ட வாயில வச்சுக்கிடலாம், பத்த வைக்கப்பிடாது."

"கை காட்டதுக்கு ஆளு?"

"நான் நிக்கேன்."

போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மதினி என்னை முன்வாசல் வழியாக உள்ளே கூப்பிட்டார், அண்ணாச்சி இன்னும் புறவாசல் வழியாகத்தான் வந்தார். பற்றவைக்காத கறுப்புச் சுருட்டு வாயில், மதினி டிவி பக்கத்தில். என்னைவிட நன்றாகவே கைகாட்டினார். லாரி கடைசி வளைவுக்கு வந்தது, ஒரு தடி அசையவில்லை. மதினி வலது காட்டினார். அண்ணாச்சி இடது போனார். பள்ளம்.

"போங்க, நாளைக்குப் பாப்போம்" என்று மதினி டீ போடப் போனார்.

"அண்ணாச்சி, வேணும்னே கவுத்தியதான?" என்றேன்.

அவர் அடுப்படியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தாண்டிட்டா பொறவு அவ எதுக்குடே எம்பக்கத்துல நிக்கப்போறா?"

டீ வந்தது. அந்த மனுஷன் எந்தக் காலத்திலும் அந்தப் பனிமலையைத் தாண்டிவிடக் கூடாது என்று, நானும் முருகனிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன்.